பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் அஞ்ச வேண்டுமா? சென்னை அரசு பொது மருத்துவமனையும் வேலூர்ப் பக்கத்து நோயாளிகளும்

குடியாத்தம் வாசகி:

எங்கள் பெரியப்பா கைலி நெய்கிறவர். கொஞ்ச காலமாகத் தலைவலி, காலையில் வாந்தி, இடது கையில் பிடிப்பு இல்லாமை. தறியில் உட்கார முடியாமல் போன பிறகுதான் மருத்துவரைப் பார்க்க ஒத்துக்கொண்டார். ஸ்கேனில் மூளைக்குள் கட்டி இருப்பது தெரிந்தது. அரசு மருத்துவர் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கி, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் அறுவைப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். இன்றைக்கே உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கடிதம் வந்ததிலிருந்து வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. "ஊர் உலகமெல்லாம் வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறது, நாம் மட்டும் மெட்ராஸுக்குப் போவதா? நிலத்தை விற்றாவது இங்கேயே பார்ப்போம்" என்கிறார் சித்தப்பா. நிலமும் போய், பெரியப்பாவும் நெய்ய முடியாமல் போனால் பெரியம்மா எதை வைத்துப் பிழைப்பார் என்று அண்ணன் கேட்கிறார். இரண்டு பக்கத்தாரையும் ஒரே பயம் பிடித்து ஆட்டுகிறது. அது காலேஜ் ஆஸ்பத்திரி, படிக்கிற பிள்ளைகள் கத்தி பிடித்துப் பழகுவது நம்மைப் போன்றவர்கள் உடம்பில்தான் என்பதே அது.

அந்த மருத்துவமனை எப்படி உண்டானது, உள்ளே எப்படி இயங்குகிறது, நோயாளியை உண்மையில் யார் தொடுவார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் பக்கத்திலிருந்து இப்படி எழுதி வாங்கிக்கொண்டு போகிற குடும்பங்கள் ஏராளம். எல்லோருக்கும் பயன்படும்.

வாலாஜா ரோடு:

அம்மா, வைத்தியம் பற்றி மருத்துவர்கள் சொல்லட்டும். அந்த இடத்தின் கதை எனக்குத் தெரியும், நான் அதைச் சொல்கிறேன்.

1664 நவம்பரில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், சர் எட்வர்ட் விண்டர் முயற்சியால், நோய்ப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களைக் கிடத்துவதற்கென்று தொடங்கிய சிறு மருத்துவமனை அது. எலிஹு யேல் ஆளுநராக இருந்தபோது கோட்டைக்குள்ளேயே அதற்குப் புதிய கட்டடம் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர்களுக்குப் பிறகு கோட்டையை விட்டு வெளியேறி, 1772-இல் இன்று இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே பயிற்சி பெற்ற உதவியாளர்களை மாகாணத்தின் மாவட்டத் தலைநகரங்களில் இருந்த மருந்தகங்களுக்கு அனுப்பினார்கள். கல்லூரி வருவதற்கு முன்பே அது சொல்லிக்கொடுக்கும் இடமாகத்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். பிறகு 1835 பிப்ரவரியில் மருத்துவப் பள்ளி, 1850-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி என்ற பெயர்.

இதில் என் நெஞ்சில் தைத்த செய்தி வேறு. இந்தியப் பொதுமக்களுக்கு அதன் கதவு திறந்தது 1842-இல்தான். நூற்று எழுபத்தெட்டு ஆண்டுகள் அது இந்த மண்ணில் இருந்தது, ஆனால் இந்த மண்ணின் மனிதருக்கு இல்லை. இன்று குடியாத்தத்து நெசவாளி ஒருவர் கடிதத்தோடு உள்ளே போகிறார் என்றால், அது யாரோ போட்ட பிச்சை அல்ல. நெடுங்காலம் மறுக்கப்பட்டுக் கிடைத்த உரிமை.

நமக்கும் அந்த இடத்துக்கும் ரயில் தொடர்பு ஒன்று உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் நாள் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் எங்கள் வாலாஜா ரோடு. 1873-இல் சென்ட்ரல் நிலையம் வந்தது, அதுவும் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே. அன்றிலிருந்து வட ஆற்காட்டு நோயாளி ரயிலை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தால் போதும். இப்போது கடப்பதற்குச் சுரங்கப்பாதை இருக்கிறது. நோயாளியை வைத்துக்கொண்டு சாலையில் இறங்காதீர்கள்.

கத்தி பிடித்தவன்:

நான் அங்கே படித்தவன். பட்டமேற்படிப்பும் அங்கேதான். இப்போது வட ஆற்காட்டில் ஒரு தாலுகா மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருக்கிறேன். சகோதரி எழுதிய பயத்தை வாரம்தோறும் கேட்கிறேன், ஆகவே நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆசிரிய மருத்துவமனையில், அதாவது வைத்தியத்தோடு மாணவர்களுக்குக் கற்பிக்கவும் செய்யும் மருத்துவமனையில், நோயாளி ஒரு தனி மருத்துவருக்குச் சொந்தம் அல்ல, ஒரு யூனிட்டுக்குச் சொந்தம். யூனிட்டின் தலைமையில் ஒரு பேராசிரியர் இருப்பார். எல்லோரும் அவரைச் சீஃப் என்பார்கள். அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், அவர்களுக்குக் கீழே பட்டமேற்படிப்பு மாணவர்கள், கடைசியில் எம்.பி.பி.எஸ். படிப்பின் முடிவில் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்கள். நரம்பியல் அறுவைப் பிரிவில் "மாணவர்" என்று நீங்கள் சொல்கிறவர் எம்.பி.பி.எஸ். முடித்து, பெரும்பாலும் எம்.எஸ்.-ஸும் முடித்து, அதற்கு மேல் எம்.சிஎச். என்ற அறுவை உயர்சிறப்புப் பட்டம் படிக்க வந்திருக்கும் மருத்துவர். மண்டை ஓட்டைத் திறக்கும் அறையில் இருபது வயதுப் பிள்ளை தனியாகக் கத்தியோடு நிற்பதில்லை. எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் வார்டில் வந்து கதை கேட்பார்கள், கைகால் வலிமையைச் சோதிப்பார்கள், குறிப்பெடுப்பார்கள். அவ்வளவுதான்.

கற்றுக்கொள்கிறவர் அறுவையில் பங்கெடுப்பாரா என்றால், எடுப்பார். ஒளிக்க வேண்டியதில்லை. தோலைத் திறப்பதிலிருந்து தொடங்கிப் படிப்படியாக, பக்கத்தில் மூத்தவர் நிற்க, அவர் கண் முன்னால். உலகத்தில் எந்த அறுவை மருத்துவரும் இப்படித்தான் உருவானார். தனியார் மருத்துவமனையில் உங்கள் சித்தப்பா நிலத்தை விற்றுப் போய்ப் பார்க்கவிருக்கும் நிபுணரும் ஏதோ ஒரு ஆசிரிய மருத்துவமனையின் வார்டில், ஏதோ ஒரு ஏழையின் படுக்கையருகே நின்று கற்றவர்தான்.

கற்பிப்பதால் நோயாளிக்குக் கிடைக்கும் நன்மையை யாரும் சொல்வதில்லை. ஒரே கேஸை ஹவுஸ் சர்ஜன் பார்க்கிறான், பட்டமேற்படிப்பு மாணவர் பார்க்கிறார், உதவிப் பேராசிரியர் பார்க்கிறார், ரவுண்ட்ஸில் சீஃப் எல்லோர் முன்பும் கேள்வி கேட்கிறார். "ஏன் இந்த மருந்து? ஏன் இந்த அளவு?" பதில் சொல்ல முடியாதவன் அன்றைக்குத் தலைகுனிந்து நிற்பான். ஒருவர் கண்ணுக்குத் தப்பியதை இன்னொருவர் பிடித்துவிடுகிற அமைப்பு அது. நள்ளிரவு இரண்டு மணிக்கு நோயாளிக்கு வலிப்பு வந்தால் வார்டில் ஓடி வருவதற்கு மருத்துவர் இருக்கிறார். பல சிறிய இடங்களில் அந்த நேரத்தில் தொலைபேசிதான் இருக்கும்.

நரம்பியல் அறுவை பற்றி ஒன்று. இந்தியாவில் அதற்கு முதல் துறை தொடங்கியது நம் வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியான சிஎம்சியில், ஜேக்கப் சாண்டி 1949-இல். அடுத்த ஆண்டே, 1950-இல், பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். அதாவது உங்கள் பெரியப்பாவுக்கு எழுதிக் கொடுத்திருப்பது இந்த நாட்டில் இந்த வைத்தியத்தின் வயதே உள்ள ஒரு துறைக்கு. மூளைக் கட்டியை அங்கே அபூர்வமாகப் பார்ப்பதில்லை. அது அன்றாட வேலை.

சிப்காட் ஷிப்ட்:

//உலகத்தில் எந்த அறுவை மருத்துவரும் இப்படித்தான் உருவானார்//

டாக்டர் ஐயா, உங்கள் நியாயம் புரிகிறது. ஆனால் கட்டிலில் படுத்திருக்கிறவர் பக்கத்திலிருந்தும் பாருங்கள். என் அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மூச்சிரைப்போடு ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்த்திருந்தோம். ஊர் பெயர் வேண்டாம். காலையில் ஒரு கூட்டமாகப் பிள்ளைகள் வருவார்கள். ஒருவர் சட்டையைத் தூக்குவார், ஒருவர் முதுகைத் தட்டுவார், ஒருவர் மூச்சை இழு என்பார், அடுத்தவர் மறுபடி இழு என்பார். "செய்யலாமா ஐயா" என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. அப்பாவைப் பற்றி அவர் தலைக்கு மேலே ஆங்கிலத்தில் பேசிவிட்டுப் போவார்கள். அவருக்கு என்ன நோய் என்று அவரிடம் சொல்ல ஆள் இல்லை. வைத்தியம் தவறாகப் போனது என்று சொல்லவில்லை. நல்லபடியாகத்தான் வீட்டுக்கு வந்தார். ஆனால் "என்னைப் பாடப் புத்தகம் மாதிரிப் புரட்டினார்கள்" என்று இன்றும் சொல்கிறார்.

உரிமை என்று மேலே ஐயா எழுதியிருக்கிறார். உரிமை என்றால் மருந்து மட்டும்தானா? மரியாதை அதில் சேராதா?

கத்தி பிடித்தவன்:

சேரும். நோயாளி "இன்று வேண்டாம், களைப்பாக இருக்கிறது" என்று சொல்லலாம். மாணவர்கள் தொட்டுப் பார்ப்பதை மறுக்கலாம். அதற்காக வைத்தியம் குறையக்கூடாது, குறைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. இதை நோயாளியிடம் முதல் நாளே சொல்ல வேண்டியது யூனிட்டின் கடமை. பல இடங்களில் சொல்வதில்லை என்பது உண்மைதான். கூட்டம் அதற்குக் காரணமாக இருக்கலாம், ஆனால் சமாதானம் ஆகாது. "வணக்கம் ஐயா, நான் மாணவன், உங்களைச் சோதித்துப் பார்க்கலாமா" என்று கேட்க ஐந்து நொடி போதும். எனக்குக் கற்பித்த சீஃப், இதைக் கேட்காமல் நோயாளியின் மேல் கை வைத்த மாணவனை அந்த ரவுண்ட்ஸிலேயே வெளியே அனுப்பினார்.

வெள்ளை உடுப்பு:

அரசுப் பணியில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சிப்காட் தம்பி எழுதியதைப் படித்து மனம் கனத்தது. உன் அப்பா சொன்னது எல்லா வார்டிலும் கேட்கிற குரல் தம்பி.

வாசகிக்கு வார்டு நிலவரத்தை உள்ளபடி சொல்கிறேன், போன பிறகு அதிர்ச்சி அடையாமல் இருப்பதற்காக. சென்னைப் பொது மருத்துவமனையில் 2,700-க்கும் மேல் படுக்கைகள். நாள்தோறும் வெளிநோயாளிகளாக வருகிறவர்கள் 10,000 பேருக்கு மேல். தமிழ்நாடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள், ஆந்திராவிலிருந்தும் வருகிறார்கள். "இடமில்லை, போ" என்று சொல்லும் உரிமை அந்த மருத்துவமனைக்குக் கிடையாது. ஆகவே கூட்டம் இருக்கும், சத்தம் இருக்கும். வரிசையில் நின்று களைத்துப்போவீர்கள். செவிலியர் சிடுசிடுக்கலாம். ஒரு இரவுப் பணியில் ஒருத்தி எத்தனை படுக்கைகளைப் பார்க்கிறாள் என்பதைப் பார்த்தால் அவளை வெறுக்க மாட்டீர்கள். ஆனால் பொறுத்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம். பணிவாக, விடாமல் கேளுங்கள். கேட்கிற குடும்பத்துக்குத் தகவல் கிடைக்கும்.

அவசரப் பிரிவில் முதலில் வந்தவருக்கு முதலில் என்ற கணக்கு இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரிப்பார்கள். சிவப்பு என்றால் உடனே. பச்சை என்றால் காத்திருக்கலாம். "நாங்கள் முன்னாலேயே வந்தோம்" என்று அங்கே சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பின்னால் வந்து முன்னால் போனவர் உயிருக்குப் போராடுகிறவராக இருப்பார்.

கூட இருக்கப் பெரியம்மாவை மட்டும் அனுப்பாதீர்கள். ஓடியாட ஓர் இளைஞர் வேண்டும். இரத்தம் கொடுக்கக்கூடிய உறவினர் இரண்டு மூன்று பேரைத் தயாராக வைத்திருங்கள்.

மருந்துக் கிடங்கு:

அரசு மருந்தாளுநராக வட ஆற்காட்டின் பல ஊர்களில் வேலை பார்த்தவன். இங்கே இன்னும் யாரும் எழுப்பாத சந்தேகத்தை நானே எழுப்பிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டுக்கு வீடு இருக்கிறது: "அரசாங்க மாத்திரை கேட்குமா?"

1990-களின் தொடக்கம் வரை மருந்து வாங்குவதே ஒரு கொடுமை. ஓரிடத்தில் ஒரே மருந்து குவிந்து காலாவதியாகும், இன்னோரிடத்தில் காய்ச்சல் மாத்திரை கூட இருக்காது. சீட்டை வெளியே கொடுத்து "கடையில் வாங்கிக்கொள்" என்போம். அப்படிச் சொல்லும்போது எதிரில் நிற்கிற முகத்தைப் பார்க்க முடியாது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில், நிறுவனப் பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப் பெயரிலேயே டெண்டர். மொத்தமாக வாங்குவதால் விலை பெருமளவு குறைந்தது. மாவட்டந்தோறும் கிடங்கு. கிடங்குக்கு வந்த மருந்தின் மாதிரியை எடுத்து, எந்த நிறுவனத்துடையது என்ற அடையாளத்தை மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் நோயாளிக்குப் போகும்.

நான் மிகவும் மதித்தது அந்தப் பாஸ்புக்கை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு ஒதுக்கீடு பாஸ்புக்கில் வரவாக ஏறிவிடும். கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்க அதன் மதிப்பு கழியும். மலையோர ஆரம்ப சுகாதார நிலையமானாலும் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியானாலும் இதே முறை. யாரையும் கெஞ்ச வேண்டாம், பணம் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியும், நம் வட்டாரத்துக்குத் தேவையானதை நாமே தீர்மானிக்கலாம். பின்னால் கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. உறையில் "தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல" என்று அச்சிட்டிருப்பதால் அது மட்டமான மருந்து என்று நினைத்துக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

தோட்டப்பாளையத்துக்காரர்:

சிஎம்சியின் நிழலில் வளர்ந்தவன் நான். எங்கள் தெருக்களில் வங்காளமும் இந்தியும் தமிழ் அளவுக்குக் கேட்கும். ஜார்க்கண்டிலிருந்து, மேற்கு வங்கத்திலிருந்து, வங்கதேசத்திலிருந்து வந்து லாட்ஜில் அறையெடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் நம்பி வருவதற்குக் காரணம் இருக்கிறது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது. 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி. பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தியது இங்கே. நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-இல் இங்கே. இதை வைத்து யாரும் சிஎம்சியைப் பணக்காரர் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிடக் கூடாது. குறைந்த செலவில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கத் தனிப் பிரிவே நடத்துகிறார்கள், பாகாயத்தில் சமுதாய மருத்துவமனை இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். சிஎம்சியும் கல்லூரி மருத்துவமனைதான்! அங்கேயும் மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். "படிக்கிற பிள்ளைகள்" என்ற பயத்தால் சென்னையைத் தவிர்த்து இங்கே வருவதில் பொருளே இல்லை. செலவைப் பார்த்து முடிவெடுங்கள், தொடர் சிகிச்சைக்கு வந்துபோகும் தூரத்தைப் பாருங்கள். இந்தப் பயத்தை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வாலாஜா ரோடு:

தோட்டப்பாளையத்து நண்பர் சொன்னது சரி. இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதே தவறு. இந்த இரண்டு இடங்களும் சேர்ந்து செய்த ஒரு வேலையை நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லித்தர வேண்டும்.

1986. எய்ட்ஸ் என்றால் அமெரிக்காவின் நோய், நம் ஊருக்கு வராது என்று பெரியவர்களே பேசிக்கொண்டிருந்த காலம். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவிடம் இதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். நிர்மலாவுக்குத் தயக்கம். கணவர் ஊக்கப்படுத்தினார். பாலியல் தொழில் செய்ததாகப் பிடிக்கப்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சரியான ஆய்வக வசதி இல்லாததால் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் என்ற தெளிநீரை வீட்டுக் குளிர்பெட்டியில்தான் வைத்திருந்தார்.

சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. வேலூரில், சிஎம்சியில், ஜேக்கப் ஜான் தலைமையில் இருந்த வைரஸ் ஆய்வகத்தில் இருந்தது. கணவனும் மனைவியும் மாதிரிகளை எடுத்துக்கொண்டு இரவு ரயில் ஏறினார்கள். காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்து சிஎம்சிக்குப் போனார்கள். சோதனையில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிய வந்தது இப்படித்தான். செய்தி மேலே போய், சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். அதன்பின் நாடு முழுவதும் சோதனை, தடுப்பு, விழிப்புணர்வு என்று எவ்வளவோ நடந்தது.

அரசுக் கல்லூரியின் மாணவி கேட்ட கேள்விக்கு வேலூரின் ஆய்வகம் விடை சொன்னது. அந்த மாணவி இல்லை என்றால் நாடு இன்னும் எத்தனை காலம் உறங்கியிருக்கும்? ஆசிரிய மருத்துவமனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சிப்காட் ஷிப்ட்:

படித்தேன் ஐயா, பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்களை நினைக்காமல் என்னால் இதைக் கடக்க முடியவில்லை. எதற்காக இரத்தம் எடுக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை என்று மருத்துவர் நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். நாட்டைக் காப்பாற்றிய அந்த ஆறு மாதிரிகளுக்கும் ஆறு முகங்கள் இருந்தன. விடுதலையாக முடியாத இடத்தில் அடைபட்டிருந்தவர்கள். பேராசிரியர் பெயர் வரலாற்றில் இருக்கிறது, மாணவி பெயர் இருக்கிறது, ஆய்வகத் தலைவர் பெயர் இருக்கிறது, அந்தப் பெண்களின் பெயர் இல்லை. என் அப்பா சொன்னதும் இதுவேதான்.

வெள்ளை உடுப்பு:

தம்பி சொல்வது முழுக்க நியாயம். சுனிதி சாலமன் அம்மையார் பிற்காலத்தில், 1993-இல், எச்.ஐ.வி. தொற்றியவர்களுக்கென்றே பரிசோதனையும் ஆலோசனையும் தரும் மையத்தைத் தொடங்கினார். மற்ற மருத்துவர்கள் தொடவே பயந்த நோயாளிகளைத் தொட்டுப் பேசினார். அந்தப் பெண்களுக்குச் சொல்லாமல் விட்டதை இது ஈடுசெய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்று அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசகர் உட்கார வைத்துப் பேசுகிறார், சம்மதம் கேட்கிறார், முடிவை இரகசியமாக வைக்கிறார். அந்த நோய்க்கு வந்த இந்த வழக்கம் எல்லா நோய்க்கும், எல்லா வார்டுக்கும் வர வேண்டும் என்பதே என் ஆசை.

சிப்காட் ஷிப்ட்:

சரி அக்கா. இன்னொரு கேள்வி, இது டாக்டர் ஐயாவுக்கு. 2026-லும் காட்பாடியிலிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர் போய்த்தான் மூளை அறுவை செய்துகொள்ள வேண்டுமா? வேலூர்ப் பக்கத்து அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறதே?

கத்தி பிடித்தவன்:

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி 2005-இல் வந்தது, ஆண்டுக்கு 100 மாணவர்கள். சென்னையில் 250. அங்கே 1835-இல் தொடங்கிய மரம் இப்போதுதான் இங்கே கன்று விட்டிருக்கிறது. வேலூர் நகரத்துக்குள் பழைய பென்ட்லண்ட் மருத்துவமனை வளாகத்தில் 2025-இல் புதிய பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையும் திறந்தார்கள். கட்டடம் எழும்புவது ஓரிரு ஆண்டு வேலை. மூளையின் ஆழத்தில் உள்ள கட்டியை எடுக்கும் குழு அவ்வளவு சீக்கிரம் உருவாகாது. அறுவை மருத்துவர் ஒருவர் போதாது. மயக்க மருந்து நிபுணர், தீவிர சிகிச்சைச் செவிலியர், திசுவைப் பார்த்துச் சொல்லும் நோயியல் நிபுணர், தேவைப்பட்டால் கதிர்வீச்சு, எல்லாம் ஒரே கூரையின் கீழ் வேண்டும். அந்தக் குழுவை உண்டாக்குவதும் ஆசிரிய மருத்துவமனைதான். இன்று சென்னையில் எம்.சிஎச். படிப்பவர்களில் சிலர் நாளை வேலூருக்கு வருவார்கள். வந்தவர்களை இங்கேயே நிலைக்க வைக்கும்படி பணியிடங்களையும் கருவிகளையும் கேட்டு வாங்க வேண்டியது நாம், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்ற இந்த மூன்று மாவட்டத்து மக்கள். இதில் நான் உங்கள் பக்கம்.

ஒன்றை மட்டும் எல்லோரும் மனத்தில் வையுங்கள். விபத்து, மாரடைப்பு, பக்கவாதம் என்றால் சென்னைக்கு ஓடாதீர்கள். 108-ஐ அழைத்து அருகில் வசதியுள்ள இடத்துக்குப் போங்கள். சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசுத் திட்டம் இருக்கிறது, அதில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். சென்னை என்பது நேரம் கொடுத்து எழுதி அனுப்பப்படும் நோய்க்கு.

குடியாத்தம் வாசகி:

எல்லாவற்றையும் இரவு வீட்டில் வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். சிஎம்சியும் கல்லூரி மருத்துவமனைதான் என்ற இடத்தில் சித்தப்பா சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, "சரி, அண்ணனிடமே கேளுங்கள்" என்றார். இத்தனை நாள் நாங்கள் யாரும் பெரியப்பாவிடம் கேட்கவே இல்லை! "சென்னைக்குப் போகலாம். யார் என்ன செய்தாலும் எனக்குத் தமிழில் சொல்லிவிட்டுச் செய்யட்டும்" என்றார் அவர்.

என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும், எந்த நாளில் போக வேண்டும்?

மருந்துக் கிடங்கு:

காகிதங்களில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மருத்துவர் கொடுத்த கடிதத்தின் அசலும் இரண்டு நகலும். ஸ்கேன் அறிக்கை மட்டும் போதாது, படச்சுருளும் வேண்டும், குறுவட்டு கொடுத்திருந்தால் அதுவும். இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் உறைகள். ஆதார், குடும்ப அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லை என்றால் இப்போதே வேலையைத் தொடங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்ய வேண்டும். அறுவை அரசு மருத்துவமனையில் எப்படியும் இலவசம்தான், ஆனால் அட்டை இருந்தால் சில விலையுயர்ந்த கருவிகளும் பரிசோதனைகளும் காப்பீட்டில் போய்விடும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அந்தத் திட்டத்தில் வழி இருக்கிறது.

யாராவது வாசலில் வந்து "நான் சீக்கிரம் படுக்கை வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஓபி எனும் வெளிநோயாளிச் சீட்டுக்கும் பணம் இல்லை, படுக்கைக்கும் இல்லை.

கத்தி பிடித்தவன்:

வெளிநோயாளிப் பதிவு காலையில்தான். முதல் நாளே மாலை ரயிலில் போய்த் தங்குவது நல்லது, விடியலில் நோயாளியை எழுப்பி அலைக்கழிக்க வேண்டாம். முதல் தடவை பார்க்கிற யூனிட் எது என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். அந்த யூனிட்டுக்கென்று ஓபி நாள் உண்டு. அடுத்தடுத்த வருகை அதே நாளில் இருக்க வேண்டும். வேறு நாளில் போனால் உங்கள் கதை தெரியாத வேறு மருத்துவர்கள் இருப்பார்கள், மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அறுவைக்கு முன் சம்மதப் படிவம் வரும். தமிழில் வாங்கிப் படியுங்கள், பெரியப்பா காதில் விழும்படி படியுங்கள். கட்டி எங்கே இருக்கிறது, எடுத்தால் கை தேறுமா, பேச்சு பாதிக்குமா, எடுக்காவிட்டால் என்ன ஆகும், அறையில் மூத்தவர் யார் இருப்பார். இவற்றை எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். சீஃப் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் ஒருவர் கட்டாயம் கட்டிலருகே இருங்கள்.

குடியாத்தம் வாசகி:

நாளை வருமானச் சான்றுக்குப் போகிறேன். அண்ணன் கூட வந்து தங்குவதாகச் சொல்லிவிட்டார். கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அறுவை முடிந்து வந்த பிறகு தையல் பிரிக்கவும் மாத்திரைக்கும் ஒவ்வொரு முறையும் சென்னைக்கே போக வேண்டுமா?

கத்தி பிடித்தவன்:

தேவையில்லை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டால் தையலைக் குடியாத்தம் அரசு மருத்துவமனையிலேயே பிரிப்பார்கள். திசு அறிக்கை வாங்கவும், யூனிட் குறித்த தேதியில் காட்டவும் மட்டும் போனால் போதும். கைக்கு இயன்முறைப் பயிற்சி தேவைப்பட்டால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வலிப்பு மாத்திரை எழுதியிருந்தால் நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அரசு மருந்தகத்தில் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.